கோயமுத்தூரில் இருந்து வேலைக்கு ஜெர்மனி போகிறேன். அங்கே அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்?

நான் பெருந்துறைக்காரன். ஸ்டுட்கார்ட்டில் மூன்று வருடம் டிசைன் இன்ஜினியராக இருந்துவிட்டு இப்போது ஊர் திரும்பிவிட்டேன்.

வேலையை நினைத்துப் பயப்படாதீங்க. வாரம் ஐந்து நாள் வேலைக்கு வருடம் குறைந்தது 20 நாள் விடுப்பு அங்கே சட்டமே தருகிறது. குடிபோன 2 வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும், அதை மட்டும் தள்ளிப்போடாதீங்க.

கஷ்டம் ஞாயிற்றுக்கிழமைதான். நமக்கு ஞாயிறு என்றால் கறிக்கடைக் கூட்டம், சீர், விருந்து என்று வீடே கலகலப்பாக இருக்கும். அங்கே கடைகள் அடைத்து, தெருவே அமைதியாகிவிடும், முதல் குளிர்காலத்தில் அந்த அமைதி என்னை ரொம்பவே வாட்டியது. அந்த மாதங்களில் நேர வித்தியாசம் வேறு நாலரை மணி, வேலை முடித்து ஏழு மணிக்குப் போன் எடுத்தால் இங்கே பதினொன்றரை, அம்மா தூங்கியிருப்பார். அதனால் மதிய இடைவேளையில் கூப்பிட ஆரம்பித்தேன். "சாப்டியா கண்ணு" என்று கேட்டுவிட்டால் அன்றைக்குப் போதும்.

அப்புறம் நட்பு. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போகிற பழக்கம் என் டீமில் யாருக்கும் இல்லை, இரண்டு வாரம் முன்பே நாள் குறிப்பார்கள். அதைப் பாசமில்லை என்று எடுத்துக்கொண்டு ஒரு வருடம் தமிழர்களோடு மட்டுமே இருந்தேன், அது தப்பு. ஒருநாள் நாலு பேரைக் கூப்பிட்டு அரிசியும் பருப்பும் ஆக்கி, நெய் ஊற்றிப் போட்டேன். அதில் இரண்டு பேர் இன்றும் போன் பேசுகிறார்கள். மொழியை இங்கேயே கொஞ்சம் படித்துவிட்டுப் போங்க, குக்கரும் எடுத்துக்கோங்க.