அலியா டைசனா, யாரு பெரிய ஆளு? பாக்சிங் கேள்வி பதில்

கே: அண்ணா, டைசன் பீக்ல இருந்தப்ப மோதியிருந்தா அலிய ரெண்டே ரவுண்ட்ல முடிச்சிருப்பாரு தான?

ப: எந்த அலின்னு மொதல்ல சொல்லு தம்பி. 1967-ல பட்டத்த புடுங்குறதுக்கு முன்னாடி இருந்தவரு வேற, மூணரை வருஷம் கழிச்சு திரும்பி வந்தவரு வேற. முன்னாடி காலாலயே தப்பிச்சிடுவாரு, பின்னாடி அடியும் வாங்கிக்கிட்டு எதிராளி கழுத்த அமுக்கிப் புடிச்சு தொங்கியே ஆள சோர்வாக்குவாரு, 1974 ஃபோர்மேன் ஃபைட்ட போட்டு கைய மட்டும் கவனி. டைசனுக்கு ஆகாதது நீளமான ஜாப் (கைய நேரா நீட்டி அடிக்கிற குத்து), கிட்ட போனா கட்டிப்புடிக்கிற ஆளு. 1990 டோக்கியோல பஸ்டர் டக்ளஸ் அதத்தான் செஞ்சாரு, பத்தாவது ரவுண்ட்ல டைசன் தவழ்ந்துகிட்டே பல்லுக்குப் போடுற மவுத்பீஸ தேடுனதெல்லாம் பாத்திருப்ப. என் ஓட்டு அலிக்கு, ஆனா மொத மூணு ரவுண்ட் வயித்த கலக்கும்.

கே: பழைய ஹெவிவெயிட் சாம்பியன் மார்சியானோ 49-0. தோக்கவே இல்ல, அப்புறம் என்ன விவாதம்?

ப: 1952 செப்டம்பர் வால்காட் ஃபைட் பாத்தீங்களா? மொத ரவுண்ட்லயே மார்சியானோ கீழ விழுந்தாரு, 12 ரவுண்ட் முடிஞ்சப்ப எல்லா ஜட்ஜோட பாயின்ட் கார்டுலயும் வால்காட்தான் முன்னாடி, 13-ல கயித்துப் பக்கம் மார்சியானோவோட ஒரே ஒரு ஷார்ட் ரைட் குத்து, வால்காட் காலி. இன்னிக்கு மாதிரி 12 ரவுண்டோட மணி அடிச்சிருந்தா அந்த 49-0 கிடையாது. லக்குன்னும் சொல்ல முடியாது, 15 ரவுண்டும் ஒரே வேகத்துல அடிக்கிறதுக்குன்னே தயாரான ஒடம்பு அது. எடை 85 கிலோ பக்கம்தான், இப்போ ஹெவிவெயிட்டுக்குக் கீழ உள்ள க்ரூஸர்வெயிட்ல நிக்க வேண்டிய ஆளு. இந்தக் கால ராட்சச ஹெவிவெயிட் ஃப்யூரி கூடல்லாம் கற்பனைல கூட விடாதீங்க, பாவம்.

கே: 15 ரவுண்ட ஏன் கொறச்சாங்க?

ப: 1982 நவம்பர்ல மான்சினி கூட மோதுன கொரியாக்காரர் டக் கூ கிம் 14-வது ரவுண்ட்ல விழுந்து சில நாள்லயே செத்துட்டாரு. மொதல்ல பட்டம் குடுக்குற அமைப்புல ஒண்ணான டபிள்யூபிசி 12-ஆ கொறச்சது, மத்தவங்களும் பின்னாடியே வந்தாங்க. சரியான முடிவுதான். ஆனா பழைய ஆளுங்களயும் இப்ப உள்ளவங்களயும் ஒப்பிடுறவங்க இத மறந்துடுறாங்க. 1981-ல லியனார்ட் ஹெர்ன்ஸ 14-ல நிறுத்துனாரு, அதுவரைக்கும் பாயின்ட்ல பின்தங்கித்தான் இருந்தாரு. இன்னிக்கு ரூல்ல ஹெர்ன்ஸ் பெல்ட்டோட வீட்டுக்குப் போயிருப்பாரு.

கே: சுகர் ரே ராபின்சன எல்லாரும் நம்பர் ஒன்னுங்கிறாங்க, ஓவரா தெரியல?

ப: இல்ல. 1943-ல லாமோட்டாகிட்ட தோத்தவரு அடுத்து தோத்தது 1951-ல டர்பின்கிட்ட, நடுவுல எத்தன ஃபைட்டு! 1957-ல ஃபுல்மர சாய்ச்ச லெஃப்ட் ஹூக்க (கைய மடக்கி பக்கவாட்டுல அடிக்கிற குத்து) ஸ்லோமோஷன்ல பாருங்க, அப்போ அவருக்கு வயசு 35. வெல்டர்வெயிட் எடைப் பிரிவுல உச்சத்துல இருந்தப்போ எடுத்த வீடியோ ரொம்ப கம்மி, அதான் பல பேருக்கு நம்பிக்கை வரல.

கே: மேவெதரா பாக்கியாவோவா?

ப: டிஃபென்ஸ்னா மேவெதர். எட்டு வெயிட் கிளாஸ்ல பட்டம்னா பாக்கியாவோ. ரெண்டு பேரும் மோதுன 2015 ஃபைட்ட வெச்சு முடிவு பண்ணாதீங்க, அஞ்சு வருஷம் லேட்டா நடந்தது.

கே: இப்ப உள்ளவங்கள்ல பழைய காலத்துல யாரு தாங்குவாங்க?

ப: உக்ரைன் ஹெவிவெயிட் உசிக். ரவுண்ட் ஏற ஏறத்தான் அவருக்கு சூடு ஏறும். 2024-ல அவர்கூட மோதுனப்ப ஒன்பதாவது ரவுண்ட்ல ஃப்யூரி நிக்க முடியாம கயித்துல மோதி மோதி தள்ளாடுனாருல்ல, அப்போ ரெஃப்ரி நடுவுல வந்து கவுண்ட் எண்ணி மூச்சு வாங்க நேரம் குடுக்கலன்னா அங்கயே முடிஞ்சிருக்கும். இவருக்கு 15 ரவுண்ட் குடுத்தா இன்னும் சந்தோஷப்படுவாரு.

கே: நான் புதுசு அண்ணா, ஒரே ஒரு ஃபைட் சொல்லுங்க.

ப: ஹாக்லர்-ஹெர்ன்ஸ், 1985. மூணு ரவுண்ட்தான். ஹெர்ன்ஸுக்கு மொத ரவுண்ட்லயே வலது கை ஒடஞ்சிடுச்சு, அப்பவும் நிறுத்தல.