விற்ற ஆயுதத்தை எண்ண வருகிறவர்கள்: கேள்வி பதில்

பாதுகாப்புத் துறைக் கிடங்கு ஒன்றில் இருபத்தாறு வருஷம் சரக்குக் கணக்குப் பார்த்தவன் நான். கடைசிச் சில வருஷங்கள், நிபந்தனையோடு வந்த வெளிநாட்டுச் சாமான்கள் என் பொறுப்பில் இருந்தன. ஒரு நாடு தான் விற்ற ஆயுதம் வாங்கியவரிடம் பத்திரமாக இருக்கிறதா, சொன்ன வேலைக்குத்தான் பயன்படுகிறதா என்று எப்படிக் கண்காணிக்கிறது என்பதைப் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் அமெரிக்காவைப் பற்றியே பேசுவேன். இந்த வேலையைச் சட்டம் போட்டு, ஆள் வைத்துப் பெரிய அளவில் செய்கிற நாடு அதுதான். இங்கே ரகசியம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். எல்லாம் வெளியே வந்த விஷயங்களே.

செல்வம், ஆவடி: காசு கொடுத்து வாங்கிய பொருளை விற்றவன் வந்து பார்ப்பேன் என்பது என்ன நியாயம் சார்?

நிலத்தை விற்கும்போது வண்டிப்பாதைப் பாத்தியதையை வைத்துக்கொண்டு பத்திரம் எழுதுவதில்லையா, அந்த நியாயம்தான். 1976ஆம் வருஷத்து அமெரிக்க ஆயுத ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம், எந்தக் காரியங்களுக்காக ஆயுதம் விற்கலாம் என்று சொல்கிறது. அதில் முக்கியமானவை உள்நாட்டுப் பாதுகாப்பும் முறையான தற்காப்பும். வாங்கியதை மூன்றாம் நாட்டுக்குக் கைமாற்ற வேண்டுமானால் அமெரிக்க அரசின் சம்மதம் வேண்டும். விற்பனை ஒப்பந்தத்திலேயே இதற்குக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். 1996இல் செய்த திருத்தம், விற்ற பிறகும் கண்காணிப்பதை அரசின் கடமையாகவே ஆக்கியது.

இவ்வளவு பயம் எதற்கு என்றால், ஆப்கானிஸ்தானில் பட்ட பாடு. 1986இல் சோவியத் ஹெலிகாப்டர்களை வீழ்த்த முஜாஹிதீன்களுக்குக் கொடுத்த ஸ்டிங்கர் ஏவுகணைகளை, போர் முடிந்ததும் சிஐஏ பணம் கொடுத்துத் திரும்ப வாங்க அலைந்தது. தோளில் தூக்கிப் போகிற சாமான், பயணிகள் விமானத்தையும் வீழ்த்தும். இன்று ஸ்டிங்கர் வாங்கும் நாடு ஏவுகணையை ஓரிடத்திலும் அதை இயக்கும் கைப்பிடிப் பகுதியை வேறோர் இடத்திலும் வைத்துப் பூட்ட வேண்டும் என்ற விதிக்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது.

நித்யா, கோவை: கோல்டன் சென்ட்ரி, ப்ளூ லான்டர்ன் என்று இரண்டு பெயர் படித்தேன். இரண்டும் ஒன்றா?

இல்லை. இரண்டும் அமெரிக்காவின் கண்காணிப்புத் திட்டங்கள். அரசு அரசுக்கு விற்றால் அது கோல்டன் சென்ட்ரி, அவர்கள் பாதுகாப்புத் துறையான பென்டகன் பார்த்துக்கொள்ளும். கம்பெனி நேரடியாக வெளிநாட்டுக்கு விற்றால் ப்ளூ லான்டர்ன். 1990இல் தொடங்கியது, வெளியுறவுத் துறையின் பொறுப்பு. உரிமம் தருவதற்கு முன்னால் "இந்த முகவரியில் இப்படி ஒரு கம்பெனி இருக்கிறதா" என்று தூதரக ஆட்கள் விசாரிப்பதும் இதில் சேரும். பல நேரம் அங்கே பூட்டிய கதவுதான் இருக்கும்.

ஹரி, ஓசூர்: சோதனைக்கு வருகிறவர் உண்மையில் என்னதான் செய்வார்?

எண்ணுவார். அவ்வளவுதான்.

சாதாரணச் சாமான்களுக்கு வேறு வேலையாகப் போகும்போது ஒரு பார்வை போதும். ஸ்டிங்கர், டாங்கியைத் தாக்கும் ஜாவ்லின், விமானத்திலிருந்து விமானத்தை அடிக்கும் ஆம்ராம், சில வகை இரவுப் பார்வைக் கருவிகள் போன்றவற்றுக்குத்தான் கடுமையான முறை. வந்து சேர்ந்த 90 நாளுக்குள் ஒருமுறை, அப்புறம் வருஷத்துக்கு ஒருமுறை, ஒவ்வொன்றின் சீரியல் நம்பரையும் பட்டியலோடு ஒத்துப் பார்க்க வேண்டும். கூடவே பூட்டு, வேலி, விளக்கு, காவல், சாவிப் பதிவேடு.

என் அனுபவம் ஒன்று. ஒரு முறை இரவுப் பார்வைக் கருவிகளை மேசையில் வரிசையாக அடுக்கி வைத்தோம். ஒருவர் நம்பரைப் படிக்க, இன்னொருவர் பட்டியலில் டிக் அடித்தார். கடைசியில் ஒன்று குறைந்தது. வந்தவர்கள் முகத்தில் எதையும் காட்டாமல் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு வியர்த்துக் கொட்டியது. மூன்று மணி நேரம் கழித்து, பழுதுபார்க்கும் பிரிவின் அலமாரியில் கிடைத்தது. அனுப்பும்போது வவுச்சரில் "கருவி, எண்ணிக்கை 1" என்று எழுதியிருந்தார்கள், சீரியல் நம்பரை எழுதவில்லை. திருட்டு இல்லை, ஒரு வரி விட்டுப்போனதுதான். பல நாடுகளில் "காணவில்லை" என்று செய்தி வரும்போதெல்லாம் எனக்கு அந்த அலமாரிதான் ஞாபகம் வரும்.

ராஜசேகர், மதுரை: 2019இல் பாகிஸ்தான் எஃப்-16ஐ நம் மேல் பயன்படுத்தியது. ஏவுகணைத் துண்டையே காட்டினோம். அமெரிக்கா ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?

வந்ததில் நல்ல கேள்வி இதுதான், கொஞ்சம் நீட்டிப் பேசுகிறேன்.

பாலாகோட் தாக்குதலுக்கு மறுநாள், பிப்ரவரி 27 அன்று வான்சண்டை. 28ஆம் தேதி முப்படை அதிகாரிகளும் சேர்ந்து, ரஜௌரிப் பக்கம் கிடைத்த ஆம்ராம் ஏவுகணைத் துண்டைப் பத்திரிகையாளர்களுக்குக் காட்டினார்கள். பாகிஸ்தான் விமானங்களில் ஆம்ராமைச் சுமப்பது எஃப்-16 மட்டும்தான் என்பது நம் வாதம். "பயங்கரவாதத்தை எதிர்க்கத்தானே கொடுத்தீர்கள், எங்கள் மேல் எப்படி?" என்று இங்கே எல்லோரும் கேட்டோம்.

சட்டத்தில் இருக்கும் சொல்லைப் பாருங்கள்: "முறையான தற்காப்பு". நான் தற்காப்புக்குத்தான் பறந்தேன் என்று பாகிஸ்தான் சொல்லும். இல்லை என்று தீர்ப்புச் சொல்ல நீதிமன்றம் கிடையாது. வாஷிங்டனுக்கு மனசு வர வேண்டும்.

ஆனால் அமெரிக்கா சும்மாவும் இருக்கவில்லை. 2019 ஆகஸ்டில் துணை அமைச்சர் நிலையில் இருந்த ஆண்ட்ரியா தாம்சன் பாகிஸ்தான் விமானப்படைத் தளபதிக்கு ஒரு கடிதம் எழுதினார்; டிசம்பரில்தான் அது வெளியே கசிந்தது. அதில் புகார் என்ன தெரியுமா? எஃப்-16களையும் ஏவுகணைகளையும் அனுமதிக்கப்படாத முன்னணித் தளங்களுக்குக் கொண்டுபோனது. எங்கே நிறுத்தினாய் என்றுதான் கோபம். 2006இல் அந்த விமானங்களை விற்கும்போதே பூட்டு, காவல், கணக்கெடுப்பு என்று வழக்கத்தைவிடக் கடுமையான நிபந்தனைகள் போட்டிருந்தார்கள். சீனா பக்கத்திலேயே இருக்கிறது, தொழில்நுட்பம் கசிந்துவிடும் என்பது அவர்கள் கவலை. நம்மைச் சுடுவது அந்தக் கவலைப் பட்டியலில் எங்கே இருந்தது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

அதே 2019 ஜூலையில், எஃப்-16களை 24 மணி நேரமும் கண்காணிக்கும் குழுவுக்காக 12.5 கோடி டாலர் உதவித் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். 2025 பிப்ரவரியில் வெளிநாட்டு உதவியெல்லாம் முடங்கிக் கிடந்தபோதும், இந்தக் கண்காணிப்பு வேலைக்கு 39.7 கோடி டாலர் விலக்கு கிடைத்தது. நமக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் ஆள் இல்லாமல் அந்த விமானங்கள் நிற்பதைவிட, ஆள் இருப்பது நமக்கும் நல்லது என்றுதான் நான் நினைக்கிறேன்.

பிரேமா, அரக்கோணம்: எங்கள் ஊர் ராஜாளி தளத்து விமானங்களையும் இப்படி வந்து பார்ப்பார்களா?

ராஜாளி கடற்படைத் தளத்தில் இருக்கும் பி-8ஐ கடல் கண்காணிப்பு விமானங்கள் 2009இல் போயிங் கம்பெனியோடு நேரடியாகப் போட்ட ஒப்பந்தத்தில் வந்தவை. முதல் விமானம் 2013இல் வந்தது. ஆகவே விமானம் கோல்டன் சென்ட்ரி வழியில் வராது. அதில் மாட்டும், கப்பலைத் தாக்கும் ஹார்பூன் ஏவுகணை அரசு வழி வந்தது, அதற்குக் கணக்கு வேறு.

இந்தச் சண்டை இங்கே பழையது. ஐஎன்எஸ் ஜலஷ்வா கப்பலை அமெரிக்காவிடம் வாங்கியபோது, தாக்குதலுக்கு அனுப்பக் கூடாது, வந்து பார்வையிடுவோம் என்ற நிபந்தனைகளுக்கு ஒப்புக்கொண்டதை 2008இல் நம் அரசுத் தணிக்கை அமைப்பான சிஏஜியின் அறிக்கையே குறை சொன்னது. 2009 ஜூலையில் ஹிலரி கிளின்டன் டெல்லி வந்தபோது பொதுவான கண்காணிப்பு உடன்பாடு முடிவானது; நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சிகள் வெளிநடப்புச் செய்தன. இடத்தையும் நேரத்தையும் இரண்டு பேரும் பேசித்தான் முடிவு செய்வோம் என்பது அரசின் பதில். அதாவது சாமானை ஓரிடத்துக்குக் கொண்டுவந்து காட்டலாம், அவர்கள் முகாமுக்குள் நுழைய வேண்டியதில்லை. பேரம் மோசமில்லை.

அன்வர், சென்னை: உக்ரைனுக்குக் கொடுத்ததில் நூறு கோடி டாலர் ஆயுதம் காணாமல் போனது உண்மையா?

இல்லை. 2024 ஜனவரியில் வந்த பென்டகன் தணிக்கை அறிக்கையைத் தப்பாகப் படித்ததால் வந்த வதந்தி. கடுமையான கண்காணிப்புக்கு உட்பட்ட 169 கோடி டாலர் சாமானில், சுமார் 59 சதவீதத்துக்கு உரிய காலத்தில் கணக்கெடுப்பு முடியவில்லை என்றது அறிக்கை. கள்ளச் சந்தைக்குப் போனதா என்பதை அது ஆராயவே இல்லை. ஆள் பற்றாக்குறை, போர்முனைக்கு அமெரிக்கர் போக முடியாத நிலை. அதனால் உக்ரைன் வீரர்கள் கையிலேயே பார்கோடு ஸ்கேனரைக் கொடுத்துப் பார்த்தார்கள்.

தர்ஷினி, யாழ்ப்பாணம்: வணக்கம் ஐயா. வாங்குபவர் தரும் சான்றிதழ் பொய்யாக இருந்தால் என்ன செய்வார்கள்?

சான்றிதழ் உண்மையாக இருந்தும் சரக்கு போய்விடும் அம்மா. உங்கள் நாட்டுக் கதையே இருக்கிறது. 1997இல் இலங்கை அரசு ஜிம்பாப்வே அரசு நிறுவனத்திடம் முப்பதாயிரத்துக்கு மேல் மோட்டார் குண்டுகள் வாங்கியது. வாங்குபவர் உண்மையான அரசுதான். ஆனால் சரக்கு கொழும்புக்கு வரவேயில்லை, புலிகள் கைக்குப் போய்ச் சேர்ந்தது. இறக்கிய துறைமுகத்திலிருந்து ரசீது வரும்வரை கோப்பை மூடக் கூடாது என்பது அதனால்தான்.

ஜெர்மனியில் இன்னொன்று நடந்தது. ஹெக்லர் அண்ட் கோக் கம்பெனியின் ஜி36 துப்பாக்கிகள் மெக்சிகோவில் விற்கக் கூடாத மாநிலங்களுக்குப் போயின. 2019இல் ஸ்டுட்கார்ட் நீதிமன்றம் கம்பெனியை 37 லட்சம் யூரோ கட்டச் சொன்னது. ஆனால் மேல்முறையீட்டில், இறுதிப் பயனர் சான்றிதழ், அதாவது நீங்கள் கேட்ட வாங்குபவர் தரும் அந்தச் சான்றிதழ், ஏற்றுமதி உரிமத்தின் பகுதி ஆகாது என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தத் தாளுக்கு இருந்த மரியாதை அன்றோடு குறைந்தது.

கதிர், சேலம்: இதுவரை யாராவது தண்டனை பெற்றிருக்கிறார்களா?

பெற்றிருக்கிறார்கள், ஆனால் எப்போதாவது. சைப்ரஸில் அமெரிக்க ஆயுதத்தோடு இறங்கிய துருக்கிக்கு 1975 முதல் 1978 வரை தடை. லெபனானில் கொத்துக்குண்டு போட்ட இஸ்ரேலுக்கு 1982இல் அந்தக் குண்டு மட்டும் நிறுத்தம். ஏமன் விஷயத்தில், சவுதிக்கும் அமீரகத்துக்கும் 2015 முதல் 2021 வரை குறைந்தது 5,460 கோடி டாலர் ராணுவ ஆதரவு போனது என்று 2022இல் அமெரிக்கத் தணிக்கை சொன்னது. முறைகேடாகப் பயன்படுத்தியதை விசாரித்தோம் என்பதற்கு ஆதாரம் கேட்டபோது அமெரிக்க அதிகாரிகளால் காட்ட முடியவில்லை.

லோகேஷ், தாம்பரம்: சுட்டுவிட்ட ஏவுகணையை எப்படி ஐயா எண்ணுவார்கள்?

எண்ண மாட்டார்கள், கழிப்பார்கள். எந்த நம்பர் செலவானது, எது அழிந்தது, எது தொலைந்தது என்று வாங்கிய நாடு எழுதித் தர வேண்டும். எங்கள் கிடங்கில் பயிற்சி முடிந்து வரும் பையன்களிடம் காலித் தோட்டாக்களை எண்ணி வாங்கித்தான் கணக்கில் கழிப்போம். இரண்டு குறைந்தால் திரும்ப மைதானத்துக்குப் போய்ப் புல்லில் தேட வேண்டும். பதுங்குகுழியில் இருப்பவனிடம் அதைக் கேட்க முடியாது. அவன் சொல்வதைத்தான் எழுதிக்கொள்வார்கள்.