காலில் நிரந்தரப் பாதிப்பு இருப்பவர் வீட்டிலேயே எப்படி உடற்பயிற்சி செய்யலாம்?

கேள்வியின் சுருக்கம்: விபத்தில் முழங்காலில் அடிபட்டுச் சில வருடங்கள் ஆகிவிட்டன. சிகிச்சை முடிந்தும் முட்டி முழுதாக மடங்குவதில்லை, அதிக நேரம் நின்றால் வீங்குகிறது. வீட்டில் பயிற்சி தொடங்கினால் சில நாளிலேயே வலி கூடி நின்றுபோகிறது. என்ன செய்வது?

எனக்கும் முட்டியில்தான் அடி. முழங்காலுக்குக் கீழே இருக்கும் எலும்பு மூட்டுக்குள்ளேயே உடைந்து, பிளேட் வைத்துச் சேர்த்தார்கள். எலும்பு கூடிவிட்டது. முட்டி பழையபடி ஆகவில்லை, இனி ஆகாது என்றும் சொல்லிவிட்டார்கள். அந்தக் காலை வைத்துக்கொண்டுதான் வீட்டில் பயிற்சி செய்துவருகிறேன். நான் மருத்துவர் இல்லை. அதனால் தொடங்கும் முன் உங்கள் மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ ஒருமுறை போய்வாருங்கள். "எக்சர்சைஸ் பண்ணலாமா?" என்று மட்டும் கேட்டால் "பார்த்துப் பண்ணுங்க" என்பதோடு முடிந்துவிடும். எந்த அசைவு கூடவே கூடாது, முட்டியை எவ்வளவு வரை மடக்கலாம், அந்தக் காலில் எவ்வளவு எடை தாங்கலாம் என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

இனி, நீங்கள் ஏன் பாதியிலேயே நிறுத்த வேண்டிவருகிறது என்பதற்கு வருகிறேன். பயிற்சியின் அளவை அந்த நேரத்து வலியை வைத்து முடிவு செய்வதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். செய்யும்போது உடம்பு சூடாகி இருக்கும், வலி அடங்கினாற்போல இருக்கும், இன்னும் கொஞ்சம் செய்யலாம் என்று தோன்றும். பழைய காயம் உள்ள மூட்டு தன் பதிலைப் பெரும்பாலும் அன்று இரவோ மறுநாள் காலையோதான் சொல்லும். எனவே அளவுகோல் மறுநாள் காலை. எழுந்ததும் முட்டி வழக்கம்போல இருந்தால் நேற்றுச் செய்த அளவு சரி. வழக்கத்தைவிட விறைப்பாகவோ வீக்கமாகவோ இருந்தால் நேற்றைய அளவு அதிகம். பிசியோதெரபிஸ்டுகள் வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போடச் சொல்வார்கள். செய்யும்போது 3 வரை போனால் நான் பொறுத்துக்கொள்வேன், காலையில் அது பழைய நிலைக்கு இறங்கியிருக்க வேண்டும். ஆனால் ஊசி குத்துவதுபோல் திடீர் வலி, முட்டி பூட்டிக்கொள்வது, கால் மடங்கி விழப்பார்ப்பது, இதில் ஏதாவது வந்தால் அந்த நொடியே நிறுத்திவிட வேண்டும்.

வீக்கத்தைக் கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தையல் டேப் ஒன்றை முட்டிச் சில்லின் நடுவில் சுற்றிக் காலையில் அளந்து எழுதிவைத்தால் உங்கள் காலின் சாதாரண அளவு எது என்று சீக்கிரமே பிடிபடும். வீங்கிய முட்டியில் தொடையின் முன்பக்கத் தசை முழு பலத்தோடு இறுகாது, நரம்பு மண்டலமே அதைத் தடுத்துவைக்கும். எவ்வளவு மன உறுதி இருந்தாலும் தடுக்கப்பட்ட தசையை வலுவாக்க முடியாது. முதலில் வீக்கம் இறங்கட்டும்.

அடுத்து, பலர் செய்யாமல் விடுவது. அடிபட்ட காலை அப்படியே ஒதுக்கிவைத்துவிட்டுக் கைக்கும் வயிற்றுக்கும் மட்டும் பயிற்சி செய்வார்கள். அந்தக் காலுக்குத்தான் பயிற்சி அதிகம் தேவை. தசை மெலிந்தால் மூட்டின் மேல் விழும் சுமையைத் தாங்க ஆளில்லை, அதனால் வலி, வலியால் இன்னும் குறைவான அசைவு, இன்னும் மெலிந்த தசை. எங்காவது இந்த வட்டத்தை உடைக்க வேண்டும். முட்டியை மடக்காமலே இதைத் தொடங்கலாம்.

காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, தொடையை இறுக்கித் துண்டைக் கீழே அழுத்துங்கள். 5 விநாடி பிடித்து விடுங்கள், 10 தடவை. பார்க்க ஒன்றுமே இல்லாததுபோல இருக்கும், ஆனால் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான். இது நன்றாக வந்த பிறகு, மல்லாந்து படுத்து நல்ல காலை மடக்கி வைத்துக்கொண்டு, மற்றக் காலை முட்டி மடங்காமல் நேராகத் தூக்குங்கள். மடக்கிய தொடையின் உயரம்வரை போனால் போதும், அதற்கு மேல் தூக்குவதில் லாபமில்லை. தூக்கும்போது முட்டி தானாக மடங்கினால் தசை இன்னும் தயாராகவில்லை, துண்டுக்கே திரும்பிவிடுங்கள்.

அப்புறம், ஒருக்களித்துப் படுத்து மேலே உள்ள காலைப் பக்கவாட்டில் தூக்குவது. இதை நான் ஒருநாளும் விடுவதில்லை. நடக்கும்போது ஒற்றைக்காலில் நிற்கும் ஒவ்வொரு கணமும் இடுப்பு ஒருபக்கம் சரியாமல் பிடித்துவைப்பது இடுப்பின் பக்கத் தசைதான். அது தளர்ந்தால் சாய்ந்து சாய்ந்து நடப்போம், முட்டிக் காயத்தோடு முதுகுவலியும் சேர்ந்துகொள்ளும்.

இவை கைவந்த பின் நாற்காலியில் இருந்து எழுந்து உட்காருவது. சக்கரம் இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். உயரம் போதாவிட்டால் கெட்டியான மெத்தை ஒன்றைப் போட்டு உயர்த்துங்கள், முட்டி குறைவாக மடங்கினால் போதும். அடிபட்ட காலைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்தால் சுமை நல்ல காலுக்குப் போகும். வாரங்கள் போகப்போக இரண்டு பாதத்தையும் சமமாகக் கொண்டுவரலாம். உட்காரும்போது தொப்பென்று விழாமல் மெதுவாக இறங்குவதில்தான் பாதிப் பலன் இருக்கிறது.

'10 தடவை, 3 செட்' என்று எல்லோரும் சொல்கிறார்களே, அந்தக் கணக்கே காயம்பட்ட கால்களுக்காகப் பிறந்ததுதான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம், காலில் அடிபட்ட வீரர்களுக்குப் படிப்படியாக எடையைக் கூட்டிப் பயிற்சி கொடுத்து, 1945-ல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். பிறகு அவரும் சக மருத்துவர் ஒருவரும் சேர்ந்து அதை 3 செட்டாகச் சுருக்கினார்கள். பலவீனமான தசைக்கும் சுமை கூட்டலாம், ஆனால் படிப்படியாக. அந்தப் படியை நீங்கள் உங்களுக்கு ஏற்றபடி சின்னதாக வைத்துக்கொள்ளலாம். ஒரு வாரத்தில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள். எண்ணிக்கையைக் கூட்டினால் எடையைத் தொடாதீர்கள்.

நல்ல காலை மறந்துவிட வேண்டாம். ஒரு பக்கத்துக்கு மட்டும் பயிற்சி கொடுத்தால் பயிற்சியே செய்யாத மறுபக்கத்திலும் ஓரளவு பலம் கூடுகிறது என்று 1894-லேயே யேல் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் கண்டார்கள். காரணம் பெரும்பாலும் மூளையிலும் நரம்புகளிலும் இருக்கிறது. அதனால் அடிபட்ட கால் முரண்டு பிடிக்கும் நாளில் நல்ல காலுக்குச் செய்யும் பயிற்சியும் வீண் இல்லை. அதே சமயம் நாள் முழுக்க இரட்டைச் சுமை தாங்குவதும் அந்த நல்ல கால்தான். அதன் முட்டியிலோ குதிகாலிலோ புதிதாக வலி வந்தால் அலட்சியம் செய்யாதீர்கள்.

மூச்சு வாங்கும் பயிற்சிக்கு ஓட்டமும் குதியும் வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் மாற்றுத்திறனாளிகளுக்கும் அதே அளவைத்தான் சொல்லியிருக்கிறது: வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உழைப்பு, 2 நாளாவது தசைக்குப் பயிற்சி. முடியாதவர்கள் முடிந்ததில் தொடங்கலாம், கொஞ்சமாகச் செய்தாலும் பலன் உண்டு என்றும் அதிலேயே இருக்கிறது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து காற்றில் வேகமாகக் குத்துவிடுவது நான் செய்வது. சில நிமிடத்திலேயே வியர்த்துவிடும். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதமான வேகத்தில் இருக்கிறீர்கள். கையால் சுற்றும் சின்ன பெடல் கருவியை மேசைமேல் வைத்துச் சுற்றுவதும் நல்லது. மாடிப்படி ஏறி இறங்கச் சொல்பவர்கள் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். படி இறங்கும்போது முழங்கால் மூட்டில் உடல் எடையைப் போல மூன்று மடங்குக்கு மேல் சுமை விழுகிறது. நம்மைப் போன்றவர்களுக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து. தவிர்க்க முடியாமல் படியில் போகும்போது ஏற நல்ல கால் முதலில், இறங்க அடிபட்ட கால் முதலில். கைத்தடி அடிபட்ட காலுக்கு எதிர்ப்பக்கக் கையில்.

கைக்கும் முதுகுக்கும் சுவரில் கை ஊன்றித் தண்டால், பிறகு கனமான மேசை விளிம்பில், அதோடு எலாஸ்டிக் பேண்டை உறுதியான கம்பியில் கட்டி நெஞ்சுக்கு இழுப்பது. எதைச் செய்தாலும் மூச்சை அடக்காதீர்கள், முக்கினால் ரத்த அழுத்தம் ஏறும்.

தரையில் இறங்கி எழுவதை ஒரு தனிப் பயிற்சியாகவே பழகுங்கள். கனமான நாற்காலி பக்கத்தில் இருக்கட்டும். எழும்போது நல்ல காலின் பக்கம் திரும்பி, நாற்காலி இருக்கையில் இரண்டு கையையும் ஊன்றி, நல்ல காலின் பாதத்தைத் தரையில் பதித்து அழுத்தி எழுங்கள், அடிபட்ட கால் நீண்டபடியே பின்னால் வரட்டும். முதல் சில தடவை வீட்டில் ஒருவர் கூட இருக்கட்டும். இது கைவரும்வரை எல்லாவற்றையும் கட்டிலிலேயே செய்யலாம்.

கெண்டைக்கால் திடீரென வீங்கிச் சூடாகி வலித்தாலோ, அதோடு மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தாலோ, அது ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்து அடைத்திருப்பதாக இருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முட்டி சிவந்து கொதித்துக் காய்ச்சலும் சேர்ந்தால் அன்றைக்கே போங்கள், உள்ளே பிளேட் இருப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

வலி கூடும் நாள் கட்டாயம் வரும். அன்று முழுவதையும் நிறுத்திவிடாதீர்கள். நின்று செய்பவற்றை மட்டும் விட்டுவிட்டு, கணுக்காலை மேலும் கீழும் அசைப்பது, தொடையை இறுக்குவது, உட்கார்ந்து செய்யும் கைப்பயிற்சி, இவற்றைத் தொடருங்கள். டேப் அளவு பழைய இடத்துக்கு வந்ததும், நிறுத்திய இடத்தில் இருந்து தொடங்காமல் அதில் பாதி எண்ணிக்கையில் தொடங்குங்கள். தொடர்ந்து இரண்டு நாள் காலையில் முட்டி அமைதியாக இருந்தால் மறுபடி கூட்டலாம். ஒரு வாரமாகியும் வீக்கம் இறங்கவில்லை என்றால் பிசியோதெரபிஸ்டிடம் போங்கள். போகும்போது அந்த அளவுகள் எழுதிய தாளையும் எடுத்துப்போங்கள், எந்தப் பயிற்சிக்கு அடுத்த நாள் முட்டி வீங்கியது என்று அவரால் அதில் பார்த்துச் சொல்ல முடியும்.