ஃபிஸ்டுலா கை: துண்டுத்தாளில் வந்த கேள்விகள்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் கோயில் மண்டபத்தில் போன ஞாயிற்றுக்கிழமை டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களும் அவர்கள் வீட்டுக்காரர்களும் கூடினோம். பேச்செல்லாம் ஃபிஸ்டுலா பற்றித்தான், அதாவது டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் ஆபரேஷன் செய்து தயார்செய்யும் ரத்தக்குழாய். நேரம் போதவில்லை. மிச்சக் கேள்விகளைத் துண்டுத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டேன். அவற்றுக்குத்தான் இங்கே பதில் எழுதுகிறேன். என்னைத் தெரியாதவர்களுக்கு: டயாலிசிஸ் நிலையங்களில் 22 ஆண்டுகள் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். என் அப்பா பால்மரம் சீவியவர். கடைசி ஆறு வருடம் அவரும் ஊசிக்குக் கை நீட்டியவர்தான். கேட்டவர்களின் பெயர்களை எடுத்துவிட்டேன்.

மிஸ்ஸி, எனக்கு 29 வயது. ஃபிஸ்டுலா செய்து இரண்டு வருடம் ஆகிறது. இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் நரம்பு கயிறு மாதிரி புடைத்து நெளிகிறது. சொந்தக்காரப் பிள்ளைகளே "கையில பாம்பு" என்கிறார்கள். தை மாதம் கல்யாணம். எப்படி மறைப்பது?

தங்கச்சி, அந்தக் கை ஏன் அப்படி ஆனது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கேட்கிறவர்களுக்கு நீ சொல்ல வேண்டியிருக்கும்.

நாம் பேச்சில் நரம்பு என்பது உண்மையில் சிரை, ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். அதில் ரத்தம் மெதுவாக ஓடும். டயாலிசிஸ் இயந்திரமோ நிமிடத்துக்கு 300 மில்லி அளவுக்கு இழுக்கிறது. சாதாரணச் சிரை அதற்கு ஈடு கொடுக்காது. இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுவரும் தமனியில் வேகம் இருக்கிறது, ஆனால் அது ஆழத்தில் கிடக்கிறது. வாரம் மூன்று நாள் குத்தவும் முடியாது. அதனால் தமனியைச் சிரையோடு சேர்த்துத் தைத்துவிடுகிறார்கள். இதுதான் ஃபிஸ்டுலா. தமனியின் வேகம் உள்ளே பாய்ந்ததும் சிரை விரிந்து, சுவர் தடித்து, தோலுக்கு அடியில் எழும்பி வருகிறது. உன் கை புடைத்திருப்பது நோய் முற்றியதால் இல்லை. ஆபரேஷன் பலித்துவிட்டதால்.

இது வருவதற்கு முன்னால் எப்படி இருந்தது தெரியுமா? 1960இல் அமெரிக்காவின் சியாட்டல் நகரில் ஸ்கிரிப்னர் என்ற மருத்துவர் கையிலேயே டெஃப்லான் குழாயை மாட்டி வெளியே விட்டு வைத்தார். பல உயிர்களைக் காப்பாற்றிய வழி அது. ஆனால் குழாய் அடைத்துக்கொள்ளும், சீழ் பிடிக்கும். 1966இல் நியூயார்க்கில் பிரெசியா, சிமினோ ஆகியோரின் குழு இந்தத் தையல் முறையை எழுதி வெளியிட்ட பிறகுதான், வெளியே எதுவும் தொங்காமல், சொந்த ரத்தக்குழாயை வைத்தே டயாலிசிஸ் செய்யும் வழி பிறந்தது.

சரி, கல்யாணத்துக்கு வருவோம். எனக்குப் பெரிய கவலை உன் ரவிக்கைதான். மணப்பெண் ரவிக்கையை மேல்கையில் பிடித்தாற்போல் தைப்பார்கள். முன்கை ஃபிஸ்டுலாவின் ரத்தம் மேல்கை வழியாகத்தான் இதயத்துக்குத் திரும்ப வேண்டும். விடியற்காலையிலிருந்து மத்தியானம் வரை அங்கே இறுக்கினால் உள்ளே ரத்தம் உறைந்துபோகலாம். தையல்காரரிடம் இடது கையை மட்டும் இரண்டு விரல் தாராளமாக நுழைகிற மாதிரி தளர்த்தச் சொல். எலாஸ்டிக் வேண்டாம். வளையல், வங்கி எல்லாம் வலது கைக்குப் போகட்டும். மருதாணியை உள்ளங்கையோடு நிறுத்திக்கொள், ஊசி குத்தும் இடத்தில் வேண்டாம். கடையில் விற்கும் கறுப்பு மருதாணியைத் தொடவே தொடாதே, சிலருக்கு அது தோலைப் புண்ணாக்கிவிடுகிறது. முகூர்த்த நாளில் டயாலிசிஸ் விழுந்தால் நிலையத்தில் இப்போதே பேசி முன்னால் நகர்த்திக்கொள். தவறவிடாதே.

மெல்லிய துணியில் தொளதொளப்பான நீளக்கை போட்டு மறைக்க நினைத்தால் மறைத்துக்கொள், தப்பில்லை. மாப்பிள்ளையிடம் மட்டும் மறைக்காதே. கல்யாணத்துக்கு முன்னாலேயே அவர் விரலை எடுத்து அந்த அதிர்வின் மேல் வைத்துக் காட்டு. ராத்திரி ரத்தம் கசிந்தால் அழுத்தப்போவது அவர் கைதான். அதைக் கற்றுக்கொடுக்க இருவரையும் ஒரு சாயங்காலம் என் வீட்டுக்கு அனுப்பினால் சந்தோஷப்படுவேன்.

செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறேன். ஃபிஸ்டுலா போட்டு மூன்று வாரம். எப்போது வேலைக்குப் போகலாம்?

அண்ணே, இப்போது வேண்டாம். தையல் ஆறியது வெளியில்தான். உள்ளே சிரை ஊசிக்குத் தயாராக ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை ஆகலாம். மருத்துவர் சரி என்றதும் ரப்பர் பந்தை அழுத்தி அழுத்தி விடுங்கள். அன்றாட வேலைக்குக் கையைப் புழங்குங்கள், புழங்காமல் வைப்பது நல்லதல்ல.

ஆனால் குலை வேறு விஷயம். இருபது கிலோ குலையை முன்கையில் அணைத்துத் தூக்குவது, முள் குத்துவது, மேலிருந்து மட்டை விழுவது, எல்லாமே அந்தக் கைக்கு ஆபத்து. ஃபிஸ்டுலாவில் முள் ஏறினால் சாதாரணக் காயம் மாதிரி நிற்காது. மருத்துவரிடம் கடிதம் வாங்கி மானேஜரிடம் கொடுத்து நர்சரிப் பக்கம் மாற்றிக் கேளுங்கள். சொக்சோவில், அதாவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில், சந்தா பிடித்திருந்தால், மறுபடி வேலைக்குத் திரும்ப உதவும் திட்டம் அவர்களிடம் இருக்கிறது, டயாலிசிஸ் செலவுக்கும் தகுதி இருக்கிறதா என்று கேளுங்கள். வாயால் கேட்டுவிட்டு வராதீர்கள். பாரத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

வீட்டுக்காரர் கையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு இரண்டு வீக்கம். வெடித்துவிடுமா என்று பயந்து தூக்கமே இல்லை.

அம்மா, உங்கள் பயம் புரிகிறது. ஒரே இடத்தில் வருடக்கணக்கில் ஊசி ஏற ஏற, அங்கே சுவர் தளர்ந்து பலூன் மாதிரி உப்பும். பல பேர் அப்படிப்பட்ட வீக்கத்தோடு பத்து வருடம் ஓட்டியிருக்கிறார்கள். வீக்கத்தின் அளவைவிட அதன் மேல் உள்ள தோலைத்தான் நான் பார்ப்பேன்.

பகல் வெளிச்சத்தில், ஜன்னல் பக்கத்தில் அவரை உட்காரவைத்துப் பாருங்கள். தோலை லேசாகக் கிள்ளினால் மடிகிறதா? சுருக்கம் தெரிகிறதா? அப்படியென்றால் அடுத்த டயாலிசிஸில் தாதியிடம் காட்டினால் போதும். தோல் பளபளவென்று, வெங்காயச் சருகு மாதிரி மெலிந்திருந்தால், நிறம் மாறியிருந்தால், புண்ணோ ஆறாத பொருக்கோ இருந்தால், சில நாளிலேயே வீக்கம் பெரிதானால், ஊசி எடுத்தபின் வழக்கத்தைவிட அதிக நேரம் ரத்தம் கசிந்தால், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். சின்னதாகக் கசிந்து தானாக நின்றாலும் போக வேண்டும். பெரிய ரத்தப்போக்குக்கு முன்னால் இப்படிச் சின்னதாகக் காட்டுவது உண்டு.

பொருக்கை நகத்தால் பெயர்க்கவே கூடாது. எனக்குத் தெரிந்த ஒருவர் குளியலறையில் அரிக்கிறதே என்று சொறிந்துவிட்டார். ரத்தம் சுவர்வரை அடித்தது. மனைவி பதறிப்போய்த் துண்டு மேல் துண்டாகச் சுற்றினார். ரத்தம் நிற்கவில்லை, துண்டுக்குள் மறைந்து ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து லயத்துப் பையன் ஓடிவந்து எல்லாத் துண்டையும் உருவிப் போட்டுவிட்டு, ஓட்டை எங்கே என்று பார்த்து, அதன் மேல் இரண்டு விரலை வைத்து அழுத்தினான். ஆம்புலன்ஸ் வரும்வரை எடுக்கவில்லை. அவர் பிழைத்தார்.

அதையேதான் நீங்களும் செய்ய வேண்டும். மடித்த சின்னத் துணியோ காஸோ வைத்து, ஓட்டையின் நேர்மேலே விரலால் விடாமல் அழுத்துங்கள். படுக்கவைத்துக் கையை உயர்த்துங்கள். 999க்கு இன்னொருவரைக் கூப்பிடச் சொல்லுங்கள், ஆள் இல்லையென்றால் போனை ஸ்பீக்கரில் போடுங்கள். நின்றுவிட்டதா என்று நொடிக்கொரு தரம் திறந்து பார்க்காதீர்கள். டயாலிசிஸ் முடித்துவந்த அன்று இன்னும் கவனம், ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் ஹெப்பாரின் மிச்சம் உடம்பில் இருக்கும்.

தினமும் தொட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். எதைப் பார்ப்பது?

அதிர்வை. பழைய ரப்பர் ஆலைச் சுவரில் கை வைத்தவர்களுக்குச் சொன்னால் புரியும்: உள்ளே மோட்டார் ஓடும்போது சுவர் மெல்ல நடுங்குமே, அதுதான். தையல் போட்ட இடத்தில் நன்றாகத் தெரியும். காதை வைத்தால் உஸ்... உஸ்... என்று விடாமல் சத்தம் கேட்கும். காலையில் பல் விளக்கும்போது ஒருமுறை, படுக்கும்போது ஒருமுறை பாருங்கள். தலைசுற்றியோ வயிற்றுப்போக்கோ வந்து பிரஷர் இறங்கியிருந்தால் இடையிலும் பாருங்கள், அந்த நேரத்தில்தான் அடைப்பு அதிகம்.

நடுக்கம் போய் வெறும் நாடித்துடிப்பு மாதிரி 'தட் தட்' என்று அடித்தால் மேலே எங்கோ குழாய் சுருங்கியிருக்கலாம், உடனே நிலையத்துக்குப் போன் செய்யுங்கள். அதிர்வும் சத்தமும் அடியோடு நின்றுவிட்டால் அடுத்த டயாலிசிஸ் நாளுக்குக் காத்திருக்கக் கூடாது. ராத்திரி என்றாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். சீக்கிரம் போனால் அடைப்பை நீக்கி அதே ஃபிஸ்டுலாவைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. என் அப்பா வெள்ளிக்கிழமை நின்றதைத் திங்கட்கிழமைதான் சொன்னார், பிள்ளைகளுக்குத் தொல்லை வேண்டாமென்று. அந்தக் கை போனது போனதுதான். பிறகு கழுத்தில் குழாய் போட்டார்கள்.

அம்மா, கை கடுகடுக்கிறது என்று ஆத்தா எண்ணெய் போட்டு உருவிவிடுகிறார். பரவாயில்லையா?

கூடாது. ஊருட் (மசாஜ்) போடுகிறவரிடமும் அந்தக் கையைக் கொடுக்கக் கூடாது. ஆத்தாவிடம் கோபப்படாமல் சொல்லுங்கள். காலைப் பிடித்துவிடச் சொன்னால் அவருக்கும் மனசு ஆறும். கை சிவந்து, சூடாகி, சீழோ காய்ச்சலோ இருந்தால் அது கிருமி. எண்ணெயை எடுக்காமல் ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஊசி எப்போதும் ஒரே இடத்தில் குத்தச் சொல்கிறேன், அங்கேதான் வலி இல்லை. தாதி முறைக்கிறார்.

தாதி சொல்வது சரி. வலி மரத்துப்போன இடம் தளர்ந்துபோன இடம். அங்கேதான் மேலே சொன்ன வீக்கம் வரும். ஏணிப்படி மாதிரி இடம் மாற்றி மாற்றிக் குத்துவதுதான் நல்லது. ஒரே ஓட்டையில் மழுங்கிய ஊசி விடும் முறை ஒன்று உண்டு. அது பயிற்சியோடு, கடும் சுத்தத்தோடு செய்வது, இப்படி வசதிக்குச் செய்வதல்ல. வலிக்கு மரத்துப்போகும் கிரீம் இருக்கிறது, ஒரு மணி நேரம் முன்னால் பூசிவிட்டு, குத்துவதற்கு முன் சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும். கிரீம் பூசாவிட்டாலும் கையைக் கழுவிவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார வேண்டும்.

கிளினிக்கில் அந்தக் கையிலேயே பிரஷர் பட்டையைச் சுற்றிவிட்டார்கள். எனக்கு மலாய் சரியாக வராது.

இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: "தாங்ஙான் இனி அடா ஃபிஸ்துலா. ஜாங்ஙான் அம்பில் டாரா, ஜாங்ஙான் உக்கூர் தெக்கானான்." இந்தக் கையில் ஃபிஸ்டுலா இருக்கிறது, ரத்தம் எடுக்காதீர்கள், பிரஷர் பார்க்காதீர்கள் என்று அர்த்தம். சொல்லிக்கொண்டே மறு கையை நீட்டுங்கள். யாரும் கோபிக்க மாட்டார்கள், கோபித்தாலும் பரவாயில்லை. மயக்கமாகிவிட்டால் சொல்ல முடியாது, அதனால் ஐசி (அடையாள) அட்டையோடு ஒரு சீட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தைப்பூசத்துக்குக் காப்புக் கட்ட வேண்டும். ஃபிஸ்டுலா வலது மணிக்கட்டில்.

இடது கையில் கட்டிக்கொள்ளுங்கள் தம்பி. ஆண்களுக்கு வலது கைதான் வழக்கம், தெரியும். பூசாரியிடம் முன்கூட்டியே விவரத்தைச் சொல்லிவிட்டால் மாற்றிக் கட்டிவிடுவார். எங்கள் கோயிலில் அப்படிச் செய்ததைப் பார்த்திருக்கிறேன். விரதத்தில் பழமும் இளநீரும் அளவு மீறினால் ரத்தத்தில் பொட்டாசியம் என்ற உப்பு ஏறும், அது கையைவிட அவசர விஷயம். பால்குடத்தைத் தலையில் வைத்து இடது கையால் பிடியுங்கள்.

விரல் நுனி ஐஸ் மாதிரி இருக்கிறது. டயாலிசிஸ் நேரத்தில் வலி அதிகம்.

ஃபிஸ்டுலா, விரல்களுக்குப் போக வேண்டிய ரத்தத்தையும் இழுத்துக்கொள்வதால் இப்படி வரும். லேசான குளிர்ச்சி என்றால் கையுறை போட்டுச் சமாளிக்கலாம். வலி, மரத்துப்போவது, வெளிறுவது, நகத்தோரம் புண் இருந்தால் மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். சர்க்கரை வியாதிக்காரர்கள் இதைப் பொறுத்துக்கொண்டு உட்காராதீர்கள்.

மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தால் இந்த வீக்கத்தை எடுத்துவிடலாமா?

பெரும்பாலும் அப்படியே விட்டுவைப்பார்கள், பின்னால் தேவைப்படலாம். இதயத்துக்குச் சுமையாக இருந்தாலோ வீக்கம் ஆபத்தானாலோ ஃபிஸ்டுலாவைக் கட்டி மூடிவிடுவதும் உண்டு. மருத்துவர் பார்த்துத்தான் முடிவு செய்வார்.

பேத்திக்கு நான்கு வயது. என் கையைப் பார்த்தால் கிட்டவே வரமாட்டேன் என்கிறாள்.

தாத்தா, நீங்கள் கைமேல் துண்டைப் போட்டு மூடுகிறீர்கள் இல்லையா, அதனால்தான் அவளுக்கு அதிகப் பயம். டயாலிசிஸ் இல்லாத ஒரு நாள், சாயங்காலம், திண்ணையில் உட்கார்ந்து துண்டை எடுத்துவிடுங்கள். "உள்ளே பூனைக்குட்டி உறுமுது, கேக்குறியா?" என்று கேளுங்கள். கட்டாயப்படுத்த வேண்டாம். வந்தாள் என்றால் முதலில் காதை வைக்கச் சொல்லுங்கள், தொடுவது அப்புறம். தொடும் முன் கையைக் கழுவிவிட்டு வரச் சொல்லுங்கள், நகத்தையும் வெட்டிவிடுங்கள்.