ஆக்ஸ்போர்டைச் சுற்றிப் பார்க்க: கேளுங்கள், சொல்கிறேன்

கே: அண்ணா, லண்டனிலிருந்து காரில் வருகிறோம். ஒரே நாளில் பல்கலைக்கழகம், பிளெனிம் அரண்மனை இரண்டும் முடியுமா?

ப: பிளெனிமுக்கே நாள் சரியாகிவிடும். காரை ஆக்ஸ்போர்டு ஊருக்குள் கொண்டுவராதீர்கள். எல்லையில் பார்க் அண்ட் ரைடில் போட்டுவிட்டு பஸ் ஏறுங்கள். அரண்மனையில் எல்லாரும் 1874-இல் சர்ச்சில் பிறந்த அறையில்தான் முண்டியடிப்பார்கள். நீங்கள் பாலத்தைப் பாருங்கள். அரண்மனையின் கட்டடக் கலைஞர் வான்பரோ அதன் வயிற்றுக்குள்ளேயே அறைகள் வைத்துக் கட்டினார். 1760-களில் தோட்டக் கலைஞர் கேப்பபிலிட்டி பிரவுன் வந்து சின்ன ஓடையை மறித்து ஏரியாக்க, கீழ் அறைகள் முழுகிப்போயின. கரையில் நின்றால், தண்ணீருக்குச் சற்று மேலே மிஞ்சிய ஜன்னல்கள் தெரியும்.

கே: சர்ச்சில் சமாதியும் அங்கேயா?

ப: இல்லை. சர்ச்சில் இருப்பது சர்ச்சில்! பக்கத்துப் பிளேடன் கிராமத்துச் சர்ச் வளாகம்.

கே: குழந்தைகளோடு ரௌஷம் தோட்டம் போகலாமா?

ப: 15 வயதுக்குக் கீழே விடமாட்டார்கள். மின்ஸ்டர் லோவெல் போங்கள். ஆற்றங்கரையில் 15-ஆம் நூற்றாண்டு மாளிகையின் இடிபாடு, டிக்கெட் கிடையாது.

கே: பல்கலைக்கழக மெயின் கேட் எங்கே?

ப: இன்றைக்கு மூன்றாவது ஆள் நீங்கள். அப்படி ஒன்று இல்லை. கல்லூரிகள் ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன.

கே: ஜி.யு.போப் கல்லறையில் ‘இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்’ என்று இருக்குமாமே?

ப: இல்லை. வால்டன் ஸ்ட்ரீட்டில் ஒரு சந்து வழியே போனால் செயின்ட் செபல்கர்ஸ் கல்லறைத் தோட்டம். கல்லில் இருப்பது ஆங்கிலம்: பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர், பேலியல் கல்லூரிப் பாதிரியார், 1820–1908. கடைசி வரிகளை நிதானமாகப் படியுங்கள். குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து வைத்த கல் என்கின்றன.

கே: எங்கள் தமிழாசிரியர் சொன்னது பொய்யா?

ப: என் ஆசிரியரும் அதையேதான் சொன்னார். நானும் போய்த் தேடியவன்தான்.

கே: கல்லில் இல்லாவிட்டால் உயிலில் எழுதியிருப்பார்.

ப: எழுதியிருப்பார் என்பவர் உயிலைக் காட்டட்டும். 1886-இல் குறளை ஆங்கிலத்தில் தந்தவர், 80 வயதில் திருவாசகத்தை முடித்தவர். அவருக்கு நாம் வசனம் எழுதித் தர வேண்டியதில்லை. அதே தோட்டத்தில்தான் அவரைத் திருவாசகத்துக்கு ஊக்கிய பேலியல் தலைவர் ஜோவெட்டும் இருக்கிறார். அவரை யாருமே கேட்பதில்லை.

கே: கல்லறைப் பக்கம் பார்க்கிங் உண்டா?

ப: பஸ்.