கனடாவில் கடையில் வாங்கிய கஞ்சாப் பூ காய்ந்து உதிர்கிறது, ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

ஃபிரிட்ஜ் வேண்டாம். கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் உள்ளே வெப்பமும் ஈரமும் மாறும், பூஞ்சை பிடிக்கலாம். ஃப்ரீசர் இன்னும் மோசம்: பூவின் மேலுள்ள பிசின் முடிகள் உறைந்து, தொட்டாலே உடைந்து விழும். சரக்கே அதில்தான் இருக்கிறது.

காற்றுப் புகாத கண்ணாடி ஜாடியில் போட்டு, இருட்டான அலமாரியில், 20 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே வையுங்கள். பூ ஜாடியைப் பெரும்பாலும் நிரப்ப வேண்டும். காலி இடம் என்றால் காற்று. வெளிச்சம், வெப்பம், ஆக்சிஜன் மூன்றும் போதை தரும் டிஎச்சியைச் (THC) சிதைக்கும், அதில் ஒரு பகுதி போதை குறைந்த சிபிஎன்னாக (CBN) மாறும். மணம் தரும் டெர்பீன்கள் அதற்கும் முன்பே பறந்துவிடும். அதனால் ஜன்னலோரம் அழகுக்கு வைக்காதீர்கள்.

உங்கள் பூ உதிர்வதற்குக் குளிர்கால ஹீட்டர் காரணமாக இருக்கலாம். வீட்டுக் காற்றை அது வறட்டிவிடும். ஜாடிக்குள் ஈரப்பதம் 55 முதல் 62 சதவீதம் இருந்தால் போதும். 58 அல்லது 62 என்று அச்சிட்ட ஈரப்பதப் பொட்டலம் ஒன்றைப் போட்டுவிடுங்கள். சிலர் ஆரஞ்சுத் தோல் போடச் சொல்வார்கள். செய்யாதீர்கள், பூஞ்சையை விருந்துக்குக் கூப்பிடுவது மாதிரி. வெள்ளைப் படலமோ பூஞ்சை வாடையோ வந்தால், விலையைப் பார்க்காமல் குப்பையில் போடுங்கள்.

அப்புறம், வீட்டில் குழந்தைகளோ நாயோ இருந்தால் ஜாடியைப் பூட்டி வையுங்கள். 2018 முதல் கனடாவில் கஞ்சாவைச் சட்டப்படி விற்கிறார்கள். இந்தியாவிலோ இலங்கையிலோ அப்படியில்லை, ஊருக்குப் போகும்போது பெட்டியில் எடுத்துப் போகாதீர்கள்.