முட்டி வலியும் சீட் உயரமும்

ஐயா, வணக்கம்.

திருமங்கலத்திலிருந்து பழங்காநத்தத்துக்கு வேலைக்குத் தினமும் சைக்கிளில்தான் வருகிறேன். போகவர சுமார் 35 கி.மீ. தை மாதம் 200 கி.மீ. பிரெவே (கெடு நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) ஓட்ட ஆசை. இந்தப் பயிற்சி போதுமா? சாயங்காலமானால் முட்டி வலிக்கிறது. கியர் சைக்கிள் வாங்கினால் சரியாகுமா? இப்போதைய சைக்கிள் உயரம் கச்சிதம்தான். சிக்னலில் உட்கார்ந்தபடியே இரண்டு காலும் ஊன்றும்.

செ., திருமங்கலம்

அன்புள்ள செ.,

கடைசி வரியைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். வலிக்குக் காரணமே அதுதான்.

புது சைக்கிள் பேச்சை இப்போதைக்கு விடுங்கள். 200 கி.மீ.க்குக் கெடு 13 மணி 30 நிமிடம், டீ, சாப்பாடு, பஞ்சர் எல்லாம் சேர்த்து. மணிக்கு 18 கி.மீ. மிதித்தாலே இரண்டு மணி நேரத்துக்கு மேல் மிஞ்சும். வேலைக்குப் போய்வருவது நல்ல அடித்தளம். ஆனால் நடுவில் எட்டு மணி நேரம் ஓய்வெடுத்து ஓட்டும் 35, ஒரே மூச்சில் ஓட்டும் 35 ஆகாது. ஞாயிறு விடியுமுன் கிளம்பி உசிலம்பட்டி, செக்கானூரணி சுற்றி வாருங்கள், ஐம்பதைத் தாண்டும். வாராவாரம் கொஞ்சம் கூட்டி 120-ஐத் தொடுங்கள்.

சீட்டுக்கு வருவோம். கடையில் "கால் எட்டுதா தம்பி?" என்று கேட்டு முடுக்கித் தருகிற உயரத்திலேயே காலமெல்லாம் ஓட்டுகிறோம். தரை எட்டி என்ன ஆகப்போகிறது? பெடலுக்கும் இடுப்புக்கும் உள்ள தூரம்தான் கணக்கு. சீட் தாழ்ந்தால் முட்டி அதிகம் மடங்கிய நிலையில் அழுத்த வேண்டிவரும், பாரம் முட்டிச்சில்லில் இறங்கும். நிமிடத்துக்கு 75 சுற்று என்றால் பத்து மணி நேரத்தில் ஒவ்வொரு முட்டியும் 45,000 தடவை மடங்கி நீள்கிறது. கியர் வாங்கி இதை எப்படிச் சரிசெய்வீர்கள்?

சுவரைப் பிடித்தபடி ஏறி உட்காருங்கள். ஓட்டும்போது போடும் செருப்போ ஷூவோ காலில் இருக்கட்டும். பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து குதிகாலை அதன் மேல் வையுங்கள். இடுப்பு சாயாமல் கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முட்டியில் லேசான மடக்கு இருக்கும். உங்களுக்கான உயரம் அதையொட்டித்தான்.

ஆனால் அவசரப்பட்டு ஒரே நாளில் ஏற்றாதீர்கள், தொடையின் பின்தசை பிடித்துக்கொள்ளும். 5 மி.மீ. ஏற்றி நாலு நாள் வேலைக்குப் போய்வாருங்கள், பிறகு இன்னொரு 5. தினமும் அதே பாதை, அதே தூரம் என்பதால் மாற்றம் உடனே தெரியும். இடுப்பு இடவலமாக ஆடினால் கூடிவிட்டது, இறக்குங்கள். சீட் கம்பியில் போட்டிருக்கும் எல்லைக்கோடு வெளியே தெரியவே கூடாது. அந்தக் கம்பியை இறுக்கிப் பிடிக்கும் கவ்விக்கு மேலே ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டினால், குண்டுகுழியில் சீட் இறங்கியதும் கண்ணில் படும்.

சிக்னலில் பிரேக் பிடித்து, சீட்டை விட்டு முன்னால் இறங்கி ஒரு காலை ஊன்றுங்கள். காலி தெருவில் ஒரு சாயங்காலம் பழகினால் வந்துவிடும்.

அடுத்த முறை "முட்டி வலி" என்று மொட்டையாக எழுதாதீர்கள். முன்பக்கமா, பின்பக்கமா? முன்னால் என்றால் இன்னும் ஏற்ற வேண்டும், பின்னால் என்றால் இறக்க வேண்டும். வீங்கினால் எனக்கு எழுதிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.